பாரம் தாங்கும் தளம்

உழுவார்க்குக் கலப்பை, நெய்வார்க்குத் தறி, பாரம் சுமந்து பிழைப்பார்க்கு வண்டி. கருவி செவ்விதாயின் தொழில் செழிக்கும். கருவி பொருந்தாதாயின் உழைப்பு வீணாகும். கருவியின் உறுப்புகளுள் கண்ணைக் கவர்வன சில. பிறர் கண்ணில் படாமலே அனைத்தையும் தாங்குவன சில. லாரி என்றவுடன் அதன் எஞ்சினையும், சக்கரங்களையும், நெற்றியில் தீட்டிய வண்ணங்களையும் பலர் நோக்குவர். அவ்வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பாரத்தை ஏற்கும் தளத்தை நோக்குவார் சிலரே. தளத்தைத் தேர்ந்தெடுப்பதில் கணக்கு உண்டு, தொழிலறிவு உண்டு, அவற்றினும் மேலாக, முகமறியாத பிறர் உயிரைக் குறித்த பொறுப்பும் உண்டு.

தமிழ்நாட்டின் வடகிழக்கு எல்லையில் அமைந்தது திருவள்ளூர் மாவட்டம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினின்றும் 1997 ஆம் ஆண்டில் இது தனியே பிரிக்கப்பட்டது. ஏரிகளும் நெல்வயல்களும் மலிந்த இந்நாட்டில், கொசத்தலையாறும் ஆரணியாறும் கீழ்த்திசை நோக்கிப் பாய்ந்து கடலை நாடுகின்றன. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை, செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டியை அடைந்து, ஆரம்பாக்கத்தைக் கடந்து ஆந்திர நாட்டினுள் புகுகின்றது. ஜி.என்.டி. சாலை என்பது மக்கள் நாவில் இதற்கு இன்றும் வழங்கும் பெயர். இச்சாலையின் மருங்கே, 1971 இல் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி இழுக்கும் ஆலைகளும், வார்ப்படச் சாலைகளும் இப்பகுதியில் இயங்குகின்றன. கிழக்கே எண்ணூரில் காமராசர் துறைமுகமும், அதனை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் உள்ளன. ஆலைக்கும் துறைக்கும் இடையே இரவு பகலாக ஓடுவன லாரிகள்.

பாரம் ஏற்றிச் செல்லும் தொழில் தமிழர்க்குப் புதிதன்று. கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, மேடும் பள்ளமும் கடந்து, உள்நாட்டு ஊர்களில் விற்ற உமணர் என்பாரைச் சங்க நூல்கள் பேசுகின்றன. வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணி, வேறோர் அச்சினையும் உடன்கொண்டு செல்வது அவர் வழக்கம். சேம அச்சு என்னும் அச்செய்தி புறநானூற்றில் உவமையாய் வருகின்றது. வள்ளுவப் பெருந்தகையும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், எடை மிகக் குறைந்த மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உண்மையை அரசர்க்கு எடுத்துக்காட்டினார். அரசியலுக்கு உவமையாகக் கூறிய அவ்வுண்மை, வண்டி ஓட்டுவார்க்கு நேர்ப்பொருளாகவே பயன்படுகின்றது.

இக்காலத்து லாரி பெரும்பாலும் முழு வண்டியாகப் பிறப்பதில்லை. 1948 இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரால் தொடங்கி, 1955 இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்ற எண்ணூர்த் தொழிற்சாலை போன்றவை, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் சக்கரங்களையும் இணைத்து விற்பதுண்டு. அதன்மேல் உடலைக் கட்டுவோர் வேறு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலிற் புகழ் பெற்றவை. அவ்வாறே கரூர் பேருந்துக்குப் பாடி கட்டுவதிற் பெயர் பெற்றது. வாங்குவோன் தன் தொழிலுக்கு ஏற்ற உடலைக் கேட்டுக் கட்டிக்கொள்கின்றான். மணலுக்கும் நெல்மூட்டைக்கும் பக்கச் சுவர் வேண்டும். இரும்புத் தகட்டிற்கும், பொறிகளுக்கும், பெரிய வார்ப்படங்களுக்கும் சுவரற்ற திறந்த தளமே தக்கது. ஏனெனில் அவற்றை மேலிருந்து கிரேன் இறக்கும். பக்கத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஏற்றும். சுவர் இருப்பின் இரண்டிற்கும் இடையூறாகும்.

கும்மிடிப்பூண்டியை அடுத்த சிற்றூரில் பிறந்த இளைஞன் ஒருவனுக்கு இத்தகைய தளம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தது. அவன் தந்தை மாட்டு வண்டியில் வைக்கோலும் உப்பும் ஏற்றிப் பிழைத்தவர். மகனோ தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்று, பத்தாண்டுகள் பிறருடைய லாரிகளை ஓட்டி, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தான். அன்னையின் காதணியும் மனைவியின் வளையலும் அடகுக் கடைக்குச் சென்றன. எஞ்சிய தொகையை வங்கி கடனாக அளித்தது. இரண்டு அச்சுகளை உடைய பழைய லாரி ஒன்று அவனுடையதாயிற்று. எஞ்சின் நன்னிலையில் இருந்தது. பழைய மரப் பாடியோ, மழைநீர் தேங்கி, போல்ட்டுத் துளைகள் அழுகி, பலகைகள் கைபட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அதனை நீக்கிப் புதிய தளம் அமைத்தாலன்றி வண்டி ஓடாது. வண்டி ஓடினாலன்றிக் கடன் தீராது.

சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் முதிய மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவர் மரபு தச்சர் மரபு. அவர் தந்தை வண்டிச் சக்கரத்திற்கு வட்டை கூட்டியவர். அவரோ லாரிக்குத் தளம் கூட்டுபவர். இளைஞன் அவரிடம் சென்று, "ஐயா, மரமா, இரும்பா, அலுமினியமா? எது நல்லது?" என்று வினவினான்.

மேஸ்திரி, "தம்பி, எது நல்லது என்று கேளாதே, எதற்கு நல்லது என்று கேள். நீ ஏற்றப்போகும் சரக்கு யாது? அதனை முதலிற் சொல்" என்றார்.

சரக்கை அறியாமல் தளத்தைத் தேர்வது, கால் அளவு அறியாமல் செருப்பு வாங்குவது போன்றது. வார்ப்பட ஆலை ஒன்றும், தகடு விற்கும் கிடங்கு ஒன்றும் தனக்குச் சுமை தருவதாக ஒப்பியுள்ளமையை இளைஞன் கூறினான். மேஸ்திரி சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துப் பட்டறைத் தரையிலேயே கணக்கிடத் தொடங்கினார்.

லாரியின் முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடையே 4.2 மீட்டர் தொலைவு. தளத்தின் நீளம் 5.2 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர மீட்டர். கன மீட்டருக்கு 750 கிலோ எடையுள்ள வன்மரத்தை 40 மில்லிமீட்டர் கனத்தில் பரப்பினால் 374 கிலோ ஆகும். 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு 392 கிலோ ஆகும். 5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடோ 168 கிலோ மட்டுமே. இரும்பிற்கும் அலுமினியத்திற்கும் உள்ள வேற்றுமை 224 கிலோ. தளம் இழக்கும் எடையைச் சரக்கு பெறும். ஆண்டில் 250 முறை முழுப்பாரம் ஏற்றுபவன், அலுமினியத்தால் 56 டன் சரக்கைக் கூடுதலாக ஏற்றலாம். இக்கணக்கைக் கண்ட இளைஞனின் முகம் மலர்ந்தது.

மேஸ்திரி சிரித்தார். "கணக்கின் ஒரு பக்கத்தைத்தான் கண்டாய். மறுபக்கத்தையும் காண். முட்டைக்கோசு ஏற்றுபவனுக்கு அலுமினியம் நன்று. நீ ஏற்றுவது வார்ப்படம். கூரிய முனையுள்ள இரும்புக் கட்டி கிரேனிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நழுவினாலும் மெல்லிய அலுமினியத் தளம் குழியும். மேலும் இது கடலை அடுத்த நாடு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்த இடத்தில், அலுமினியமும் இரும்பும் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். இடையே ரப்பரோ வேறு காப்போ வேண்டும். விலையும் மிகுதி, பற்றவைக்கும் கைத்திறன் எல்லாப் பட்டறையிலும் இல்லை" என்றார்.

மரத்தையும் அவர் இகழ்ந்தாரல்லர். மரம் சரக்கை நன்கு பற்றிக்கொள்ளும். ஈரமான இரும்பின்மேல் இரும்பு வழுக்குவது போல மரத்தின்மேல் வழுக்குவதில்லை. ஒரு பலகை கெட்டால் அப்பலகையை மட்டும் மாற்றலாம். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை விடாது பெய்யும் இவ்விடத்தில், துளையிட்ட இடந்தோறும் நீர் புகுந்து மரத்தைத் தின்னும். எண்ணெய் பூசிப் பேணுவோர்க்கே அது உழைக்கும்.

இனித் தகட்டின் கனம். 3 மில்லிமீட்டர் போதாதா என்று இளைஞன் கேட்டான். கனத்தின் மூன்றாம் படிக்கு ஏற்பத் தகட்டின் விறைப்பு வளரும். 3 மில்லிமீட்டர்த் தகட்டை 4 மில்லிமீட்டர் ஆக்கினால் எடை மூன்றில் ஒரு பங்கே கூடும். விறைப்போ ஏறத்தாழ 2.4 மடங்காகும். தகட்டின் கீழே குறுக்காகச் செல்லும் சேனல்களின் இடைவெளியும் அவ்வாறே. இடைவெளியை இரட்டிப்பாக்கினால், நடுவில் வைத்த அதே பாரத்தால் உண்டாகும் வளைவு இரண்டு மடங்கன்று, எட்டு மடங்காகும். ஒரு சேனலின் விலையை மிச்சம் பிடிப்பவன் தளம் முழுவதையும் இழக்க நேரும். பார்வைக்குத் தகடே தளம். உண்மையில் அதனைத் தாங்குவன அடியிலுள்ள குறுக்குச் சேனல்கள்.

குறுக்குச் சேனல்கள் நெடுக்குச் சேனல்களின்மேல் அமரும். நெடுக்குச் சேனல்கள் லாரியின் அடிச்சட்டத்தின்மேல் அமரும். இந்த இணைப்பே உயிர்நிலை. அடிச்சட்டத்தோடு நேரே பற்றவைத்துவிட்டால் வேலை எளிதில் முடியும் என்று கருதுவோர் உளர். அஃது அறியாமை. அடிச்சட்டம் வலிமை மிக்க எஃகினால் ஆனது. பற்றவைக்கும் வெப்பம் பட்ட இடத்தில் அவ்வலிமை குன்றும். நாளடைவில் அங்கேயே வெடிப்புத் தோன்றும். ஆதலின் யூ போல்ட்டுகளாலும் பிடிதகடுகளாலும் இறுக்கி, இரும்பும் இரும்பும் உராயாதபடி இடையே மரமோ ரப்பரோ வைப்பர். மேடு பள்ளத்தில் அடிச்சட்டம் சிறிது முறுகும். தளமும் அதற்கு இசைந்து கொடுத்தல் வேண்டும்.

இவ்வளவும் முடிவாகி, மறுநாள் தகடு வாங்கச் செல்லும் வேளையில் இளைஞனுக்குப் புதியதொரு வாய்ப்பு வந்தது. கட்டடக் கம்பி விற்கும் வணிகர் ஒருவர், வாரந்தோறும் தவறாமல் சுமை தருவதாகக் கூறினார். கட்டடக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் ஆலையிலிருந்து வரும். அதனை நடுவே வளைத்து மடித்தால் 6 மீட்டர் ஆகும். "உன் தளம் 5.2 மீட்டர் என்கிறாய். இன்னும் ஒரு மீட்டர் நீட்டிக் கட்டு. மாதத் தவணைக்கு நான் பொறுப்பு" என்றார் வணிகர். நீட்ட மனமில்லையாயின், கம்பி பின்னால் நீண்டிருந்தாலும் கேடில்லை. ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் போதும் என்றும் அவர் சொன்னார்.

அன்று இரவு இளைஞனுக்கு உறக்கம் வரவில்லை. தவணை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அடகு வைத்த நகைக்கு வட்டி வளர்ந்துகொண்டிருந்தது. வாரந்தோறும் தவறாத சுமை என்பது புதிதாகத் தொழில் தொடங்குவோனுக்கு எளிதிற் கிட்டும் பேறன்று. ஒரு மீட்டர் நீட்டினால் என்ன? எத்தனையோ லாரிகள் அவ்வாறு ஓடவில்லையா? விடிந்ததும் பட்டறைக்குச் சென்று, "ஐயா, தளத்தை 6.2 மீட்டராகக் கட்டித் தாருங்கள்" என்றான்.

மேஸ்திரி மறுமொழி கூறாமல் சுண்ணக்கட்டியை அவன் கையிலேயே கொடுத்தார். "நான் சொல்லுகிறேன், நீ எழுது" என்றார்.

தளம் முன் அச்சிற்கு 0.6 மீட்டர் பின்னே தொடங்குகின்றது. நீளம் 5.2 மீட்டராயின் அது 5.8 மீட்டரில் முடியும். பின் அச்சிற்கு அப்பால் 1.6 மீட்டர் நீண்டிருக்கும். 6.2 மீட்டராயின் 6.8 மீட்டரில் முடியும். பின் அச்சிற்கு அப்பால் 2.6 மீட்டர் நீளும். 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின் அச்சிற்கு அப்பால் வண்டி நீளும் அளவு, அச்சுகளுக்கு இடையேயுள்ள தொலைவில் நூற்றுக்கு 60 பங்கைக் கடத்தலாகாது. 4.2 மீட்டரில் 60 பங்கு 2.52 மீட்டர். எனவே எல்லையைத் தாண்டுவது 8 சென்டிமீட்டர்.

"எட்டே சென்டிமீட்டர்தானே!" என்றான் இளைஞன்.

"நிறுத்தாதே, இன்னும் எழுது" என்றார் மேஸ்திரி.

வெறுவண்டியின் எடையில் முன் அச்சின்மேல் 3.5 டன், பின் அச்சின்மேல் 2.5 டன். சரக்கு 10 டன். 5.2 மீட்டர்த் தளத்தில் சரக்கைச் சமமாகப் பரப்பினால் அதன் நடு, பின் அச்சிற்கு 1 மீட்டர் முன்னே விழும். ஏற்றக்கோலின் கணக்குப்படி, 10 டன்னில் 2.38 டன் முன் அச்சிற்கும் 7.62 டன் பின் அச்சிற்கும் சேரும். முன் அச்சு தாங்குவது 5.88 டன், பின் அச்சு தாங்குவது 10.12 டன். அந்தப் பழைய லாரிக்கு முன் அச்சின் வரம்பு 6 டன். பின் அச்சின் வரம்பு 10.2 டன்; பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடை 16.2 டன். ஆகவே எல்லாம் வரம்பினுள் அடங்குகின்றன.

6.2 மீட்டர்த் தளத்திலோ சரக்கின் நடு அரை மீட்டர் பின்னே நகர்கின்றது. முன் அச்சிற்குச் சேர்வது 1.19 டன்னே, பின் அச்சிற்குச் சேர்வது 8.81 டன். பின் அச்சு இப்போது தாங்க வேண்டியது 11.31 டன். மொத்தச் சரக்கு ஒரு கிலோவும் கூடவில்லை. எடைமேடையில் வண்டி முழுவதையும் நிறுத்தால் குற்றம் தோன்றாது. ஆயினும் பின் அச்சு தன் வரம்புக்கு மேல் ஒரு டன்னுக்கு மிகுதியாகச் சுமக்கின்றது. முன் சக்கரங்களோ எடை குறைந்து, சாலையைப் பற்றும் வலிமையை இழக்கின்றன. மழை நாளில் திருப்பத்தில் அவ்வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்குமா?

2018 ஆம் ஆண்டில் மத்திய அரசு அச்சுகளின் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர்களை உடைய தனி அச்சிற்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆயிற்று. இதனை இளைஞன் நினைவூட்டினான். "அரசு வரம்பை உயர்த்திய நாளில் உன் பழைய அச்சு தானாகத் தடித்துவிட்டதா? உன் பதிவுச் சான்றில் எழுதியிருப்பதுதான் உன் வண்டியின் வரம்பு" என்றார் மேஸ்திரி. இளைஞன் வாய் திறக்கவில்லை.

சிறிது நேரம் கழித்து அவன், "தளத்தை நீட்ட வேண்டா. கம்பி மட்டும் பின்னால் சிறிது நீளட்டும். சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்" என்றான்.

அப்பொழுது மேஸ்திரியின் குரல் மாறியது. "தம்பி, இச்சாலையில் இரவு முறை வேலை முடிந்து நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவோர் எத்தனை பேர் என்பதை நீயே அறிவாய். உன் தம்பியும் அவர்களுள் ஒருவன். இருட்டில் சிவப்புத் துணி கறுப்பாகத்தான் தெரியும். கம்பியின் முனையோ அதுவும் தெரியாது. முன்னே செல்லும் லாரி திடீரென நிற்கின்றது. பின்னே வருபவன் விளக்கின் ஒளியில் தளத்தின் விளிம்பைக் காண்பான். அதற்கு முன்னே நீண்டு நிற்கும் கம்பியைக் காணமாட்டான். கம்பி கண்ணுக்கு நேரான கோட்டில் நிற்குமாயின் ஒரு புள்ளியாகவே தோன்றும். அப்புள்ளியைக் கண்டு கொள்ளுமுன் எல்லாம் முடிந்துவிடும்" என்றார்.

அவர் கூறியது அச்சுறுத்தும் பேச்சன்று. இவ்வாறு நீண்ட கம்பிகளால் நாடெங்கும் உயிர்கள் பல மாய்ந்தன. அதனாலேயே, வரையறைக்குட்பட்டுச் சரக்கு பின்னே நீளலாம் என்று முன்பு விதியில் இருந்த இடத்தை 2014 ஆம் ஆண்டில் மத்திய அரசு அடைத்துவிட்டது. 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், தளத்திற்கு வெளியே நீளுமாறு சரக்கை ஏற்றி ஓட்டுவோர்க்கு 20,000 ரூபாய் தண்டம் விதித்தது. எடை மிகுதியாக ஏற்றுவோர்க்கும் 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என வகுத்தது. ஆயினும் தண்டத்திற்கு அஞ்சித் திருந்துவது ஒன்று. பின்னே வருபவனும் ஒரு தாயின் மகன் என்று எண்ணித் திருந்துவது மற்றொன்று. முன்னது காவலர் நிற்கும் இடத்தில் மட்டும் பயன்படும். பின்னது ஆளில்லா இருட்டிலும் பயன்படும்.

இளைஞன் தலை குனிந்து நின்றான். பிறகு, "தவணைக்கு என் செய்வேன், ஐயா?" என்று கேட்டான். அக்கேள்வியில் பொய் இல்லை. நேர்மையாக வாழ்வார்க்கும் வங்கி தவணையைத் தள்ளுபடி செய்வதில்லை. மேஸ்திரியும் அதனை அறிவார். "கம்பிச் சுமையை விடு. தகடு ஏற்று. தகடு 2.5 மீட்டர் நீளம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்தால் 5 மீட்டர். உன் தளம் அதற்கென்றே அளந்தது போல் இருக்கின்றது. தளத்தை ஒழுங்காகக் கட்டி, சரக்கைப் பழுதின்றிச் சேர்த்தால் கிடங்குக்காரர் உன்னைத் தேடுவார். என் கூலியில் பாதியை மூன்று மாதம் கழித்துக் கொடு" என்றார்.

வேலை தொடங்கியது. 4 மில்லிமீட்டர்த் தகடு. நெருங்கிய இடைவெளியில் குறுக்குச் சேனல்கள். ஓட்டுநர் அறைக்குப் பின்னே உறுதியான முன்தடுப்பு. இம்முன்தடுப்பு அழகுக்காக அன்று. வண்டி பிரேக்கினால் நிற்கும். சரக்கோ நிற்காது முன்னே பாய முயலும். ஐரோப்பிய நாடுகளின் நெறிப்படி, சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையை முன்னோக்கியும், பாதி விசையைப் பக்கங்களிலும் பின்னும் தாங்குமாறு கட்டுதல் வேண்டும். 5 டன் எடையுள்ள பொறியானால், அது முன்னே பாயாமல் தடுக்க 4 டன் விசைக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். வெறுங்கயிறு இதற்குப் போதாது. ஆதலின் தளத்தின் இருபுறமும், தகட்டில் அன்றிக் குறுக்குச் சேனலிலேயே, சங்கிலி மாட்டும் வளையங்கள் பொருத்தப்பட்டன. தகடு வழுக்காதிருக்க விரிப்பதற்கு ரப்பர்ப் பாய்கள் வாங்கப்பட்டன.

பக்கங்களிலும் பின்னும் காப்புத் தடுப்புகள் அமைந்தன. சிறு வண்டி ஒன்று பின்னே வந்து மோதினால், அது தளத்தின் அடியில் புகுந்துவிடாமல் காப்பது பின்தடுப்பு. இரவில் ஒளியைத் திருப்பிக் காட்டும் நாடாக்கள் விளிம்பெங்கும் ஒட்டப்பட்டன. வெட்டிய முனைகளிலும் பற்றவைத்த இடங்களிலும் உப்புக் காற்றைத் தடுக்கும் பூச்சு இருமுறை பூசப்பட்டது. பாடியை மாற்றினால் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன்படி விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, இளைஞன் சான்று பெற்றான். இரும்புச் சட்டமும் நேராயிற்று. அரசின் சட்டமும் நிறைவேறிற்று.

முதல் நாள் தகடு ஏற்றிப் புறப்படும்போது மேஸ்திரி உடன் சென்றார். எடைமேடையில் முதலில் முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தினர். பின்னர் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தினர். தரையில் எழுதிய கணக்கிற்கும் மேடை காட்டிய எடைக்கும் வேற்றுமை மிகச் சிறிதே. எடைச் சீட்டைக் கையில் வாங்கிய இளைஞன், அதனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

முதல் மூன்று மாதங்கள் அவனுக்கு எளிதாக இல்லை. ஒரு தவணை பத்து நாள் தாழ்ந்தது. அதற்குத் தண்ட வட்டியும் கட்டினான். சுமை இல்லாத நாள்களும் இருந்தன. கம்பி வணிகரின் சுமையை வேறொரு லாரி ஏற்றிச் செல்வதை அவன் தன் கண்ணாலேயே கண்டான். ஆனால் தகட்டின் முனை மடங்காமலும், கீறல் விழாமலும் சரக்கு சேர்வதைக் கண்ட கிடங்குக்காரர், மெல்ல மெல்லச் சுமையை மிகுதிப்படுத்தினார். வார்ப்பட ஆலையாரும் விலையுயர்ந்த பொறிகளை அவனிடமே ஒப்படைத்தனர். நான்காம் மாதத்தில் மேஸ்திரியின் கூலி தீர்ந்தது. அன்னையின் காதணி ஆண்டு முடியுமுன் வீடு திரும்பியது. மனைவியின் வளையல் திரும்புவதற்கு மேலும் ஓராண்டு ஆயிற்று.

தளம் என்பது வெறும் இரும்புத் தகடு அன்று. எதனை ஏற்பது, எவ்வளவு ஏற்பது, எதனை ஏற்காது விடுவது என்னும் மூன்றும் அதில் அடங்கியுள்ளன. இவற்றுள் மூன்றாவதே அரிது. ஏற்கத்தக்கதை ஏற்க வலிமை போதும்; ஏற்கத்தகாததை மறுக்க, வலிமையோடு பிறரை எண்ணும் நெஞ்சமும் வேண்டும். எல்லை என்பது எட்டுச் சென்டிமீட்டரே ஆயினும் எல்லையே ஆகும். அதனை மதித்த ஒருவனுக்குப் பின்னே, இரவு முறை முடித்துச் செல்லும் எத்தனையோ பேர், காரணம் அறியாமலே நலமாக வீடு சேர்கின்றனர். அவர்கள் அவனுக்கு நன்றி கூறப்போவதில்லை. அவன் யார் என்பதையும் அறியப்போவதில்லை. அதனால் அவன் செய்த நன்மை சிறிதும் குறைவதில்லை.